பால் டீ கூட்டணி: அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த ஹேஷ்டேக் யாருக்கு என்ன செஞ்சுது?

மூங்கில்காடு (இழையைத் தொடங்கியவர்)

2020 ஏப்ரல். உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். தாய்லாந்தின் இளம் நடிகர் வச்சிரவித் சிவஆரீ, ரசிகர்களுக்கு 'பிரைட்', ட்விட்டரில் ஒரு படத்துக்கு லைக் போட்டார். அதில் ஹாங்காங்கை ஒரு 'நாடு' என்று எழுதியிருந்தது. சீன ரசிகர்கள் கொதித்தார்கள், அவர் மன்னிப்பும் கேட்டார். அதோடு விடவில்லை. அவருடைய காதலியின் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து, தைவானைத் தனிநாடாகச் சொன்னதாக அந்தப் பெண்ணின் மேல் பாய்ந்தார்கள். சீனாவில் ட்விட்டருக்குத் தடை. விபிஎன் போட்டு வேலி தாண்டி வந்துதான் திட்டினார்கள்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது. தாய்லாந்துக்காரர்களைச் சுடவைக்க "உங்க ராஜா இப்படி, உங்க பிரதமர் அப்படி" என்று எழுதினார்கள். தாய் இளைஞர்களோ "இன்னும் சத்தமா சொல்லுங்க, எங்களால சொல்ல முடியல" என்று பதில் போட்டார்கள். 1976 அக்டோபர் 6 அன்று பாங்காக்கின் தம்மசாட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கொன்று போட்டார்களே, அந்தப் படங்களைப் போட்டு அவமானப்படுத்தப் பார்த்தார்கள். அதற்கும் நன்றி வந்தது. பள்ளிப் பாடத்தில் மூடி மறைத்த ஒரு படுகொலையை எதிராளியே கொண்டுவந்து நடுவீட்டில் வைத்துவிட்டான்.

ஏப்ரல் 14 அன்று பாங்காக்கில் இருக்கிற சீனத் தூதரகமே ஃபேஸ்புக்கில் 'ஒரே சீனம்' என்று நீளமாக அறிக்கை விட்டது. அதற்குள் ஹாங்காங், தைவான் பிள்ளைகள் தாய்லாந்து பக்கம் நின்றுவிட்டார்கள். மூன்று ஊரிலும் டீயில் பால் ஊற்றுவார்கள், சீனத்து டீயில் பால் கிடையாது. 'பால் டீ கூட்டணி' (#MilkTeaAlliance) என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஓராண்டு கழித்து 2021 ஏப்ரல் 8 அன்று ட்விட்டர் அந்த ஹேஷ்டேக்குக்கென்று ஒரு கோப்பை எமோஜி வெளியிட்டது. அதுவரை 1 கோடியே 10 லட்சம் பதிவுகளுக்கு மேல் வந்திருந்ததாகவும் சொன்னது.

என் கேள்வி இதுதான். எண்ணிக்கையை விடுங்கள். ஓர் ஊரின் போராட்டம் இன்னோர் ஊருக்குக் கையில் என்ன கொடுத்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இங்கே பாங்காக்கில் வேலை பார்த்தவர்களும் பர்மாவில் சொந்தம் இருக்கிறவர்களும் உண்டு என்று தெரியும்.

செங்கல்சூளை

தோழர், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நான் நேரா சொல்லிடறேன், எனக்கு இதுல நம்பிக்கை போயிடுச்சு.

ஹாங்காங்கைப் பாருங்க. 2020 ஜூன் 30 ராத்திரி தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆப்பிள் டெய்லி பத்திரிகை 2021 ஜூன் 24-ல கடைசி இதழ் போட்டுச்சு, பத்து லட்சம் பிரதி அச்சடிச்சாங்க, விடியறதுக்கு முன்னாடியே மக்கள் வரிசையில நின்னு வாங்கினாங்க. அவ்வளவுதான், மூடியாச்சு. 2024 நவம்பர்ல ஜனநாயகம் கேட்ட 45 பேருக்கு ஒரே நாள்ல தண்டனை. சட்டப் பேராசிரியர் பென்னி டாய்க்கு 10 வருஷம்.

தாய்லாந்துல ஆனோன் நம்பா, வக்கீல். 2020 ஆகஸ்ட்ல மேடையேறி முடியாட்சியைச் சீர்திருத்தணும்னு வெளிப்படையா பேசினவர். பிரிவு 112, ராஜ குடும்பத்தை அவமதிச்சா தண்டிக்கிற சட்டம், அதுல ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 வருஷம் வரை போடலாம். அவருக்குத் தண்டனை ஒண்ணுமேல ஒண்ணு சேர்ந்து 20 வருஷத்தைத் தாண்டிடுச்சு. நேதிபோர்ன்னு ஒரு பொண்ணு, 28 வயசு, விசாரணைக் கைதியா இருக்கும்போது உண்ணாவிரதம் இருந்து உடம்பு கெட்டு 2024 மே 14-ல செத்தே போச்சு.

பர்மால 2023 ஏப்ரல்ல பாசிஜி கிராமத்துல கூட்டத்து மேல ராணுவம் விமானத்துல குண்டு போட்டுச்சு. 150 பேருக்கு மேல சாவு. விமானத்தை எந்த ஹேஷ்டேக் தடுத்துச்சு?

பாதுகாப்பான இடத்துல உட்கார்ந்திருக்கவனுக்கு "நானும் ஏதோ செஞ்சேன்"னு ஒரு நிம்மதி. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல.

சீலோம்_சாலை

செங்கல்சூளை அண்ணே, நீங்க சொன்ன கணக்கு எதுவும் தப்பில்ல. நான் கண்ணால பார்த்ததை மட்டும் சொல்றேன்.

2020-ல நான் பாங்காக்ல இருந்தேன், சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் பின்சந்துல ரூம். அக்டோபர் 16 சாயங்காலம் வேலை முடிஞ்சு பதும்வான் சந்திப்பு பக்கமா நடந்து வந்தேன். நல்ல மழை. ரோடு முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க, காலேஜ் பிள்ளைங்க. மேடை இல்ல, தலைவர் இல்ல. முக்கியமானவங்களை எல்லாம் அதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டுப் போயிருந்தாங்க.

முன்வரிசையில ஒருத்தன் ரெண்டு கையையும் தலைக்கு மேல கூரை மாதிரி குவிச்சான். அவனுக்குப் பின்னாடி நின்னவங்க அதே மாதிரி குவிச்சாங்க. அது அப்படியே பின்னாடி பின்னாடி போயிட்டே இருந்தது, எனக்கு முதல்ல ஏதோ வழிபாடு மாதிரி தெரிஞ்சுது. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், எதிர்ப்பக்கமிருந்து குடைங்க வர ஆரம்பிச்சுது. கை மாத்திக் கை மாத்தி, தலைக்கு மேலயே முன்வரிசைக்குப் போச்சு. யாரும் கத்தல, யாரும் ஓடல. என் கைக்கும் ஒரு மஞ்சள் குடை வந்தது, கைப்பிடி உடைஞ்சது. அதை முன்னாடி தள்ளிட்டேன். கொஞ்ச நேரத்துல போலீஸ் தண்ணி பீச்சியடிச்சாங்க. நீலச் சாயம் கலந்தது, கண்ணும் தோலும் எரிஞ்சுது. அந்தக் குடைங்கதான் முன்னாடி நின்ன பிள்ளைங்களுக்கு மறைவு.

அந்தக் கை ஜாடையும், சங்கிலியா நின்னு சாமான் கடத்துறதும் 2019 ஹாங்காங் தெருவுல பழகினது. மிளகுப்புகைக்குக் குடை பிடிக்கிறது 2014-லயே அவங்க பண்ணது. தலைவன் இல்லாம தண்ணி மாதிரி கலைஞ்சு சேர்றதும் அங்கேருந்துதான். இதெல்லாம் எப்படி வந்துச்சு? படம் போட்டு, மொழிபெயர்த்து, ட்விட்டர்லயும் டெலிகிராம்லயும் வந்துச்சு. அண்ணே, அந்தப் பிள்ளைங்க ஜெயிக்கலன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். கைக்கு ஒண்ணும் வரலன்னு மட்டும் சொல்லாதீங்க. என் கை வழியாவே போச்சு.

இன்னொண்ணு. 2020 டிசம்பர்ல சமுத் சாக்கோன் மீன் சந்தையில கொரோனா பரவினப்போ, அங்க வேலை பார்த்த பர்மாக்காரங்களைத் தாய் சமூக ஊடகத்துல வாய்க்கு வந்தபடி திட்டினாங்க. பஸ்ல ஏத்தல, கடையில விடல. ஒண்ணரை மாசம் கழிச்சு, 2021 பிப்ரவரி 1, பர்மால ராணுவம் ஆட்சியைப் பிடிச்ச அன்னைக்கே சாத்தோன் ரோட்ல பர்மா தூதரகத்து முன்னாடி அதே தொழிலாளிங்களோட தாய் இளைஞர்களும் நின்னாங்க. போலீஸ் தள்ளுமுள்ளுல ரெண்டு கூட்டமும் சேர்ந்துதான் அடி வாங்குச்சு. பெரிய மாற்றம்னு சொல்ல வரல. ஆனா அது நடந்துச்சு.

மூங்கில்காடு

மஞ்சள் குடை கண்முன்னாலேயே நிற்கிறது. நன்றி தம்பி. ஹாங்காங் போராட்டக் கையேடு ஒன்றைப் பர்மிய மொழியில் பெயர்த்து 2021 பிப்ரவரியில் பரப்பினார்கள். பிப்ரவரி 28-ல் பாங்காக், தைபே போன்ற நகரங்களில் ஒரே நாளில் பர்மாவுக்காகக் கூடினார்கள். சினா வித்தயவிரோஜ் என்ற தாய் ஓவியர் வரைந்த படம், ஒவ்வொரு நாட்டு டீக்கோப்பையும் கூடி நிற்பது, எல்லார் பக்கத்திலும் அப்போது சுற்றியது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதில் பயனில்லை. 2020 ஜூனில் கல்வான் மோதலுக்குப் பிறகு நம் நாட்டிலிருந்தும் ஏராளமானோர் இந்தக் கூட்டணியில் மசாலா டீயோடு சேர்ந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு ஜனநாயகம் ஒரு பொருட்டே இல்லை, சீனாவைத் திட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. "சீனாவின் எதிரி என் நண்பன்" என்பது வேறு, "ஜெயிலில் கிடப்பவன் என் தோழன்" என்பது வேறு. சீனர்களே 2022 நவம்பரில், கொரோனா கட்டுப்பாட்டில் இருந்த உரும்சி நகரின் தீவிபத்துக்குப் பிறகு, வெற்று வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு ஷாங்காய் தெருவில் நின்றார்களே! அந்தக் காணொளிகளை இத்தாலியில் உட்கார்ந்திருந்த ஒரு சீன ஓவியர் ஒற்றை ஆளாய் ட்விட்டரில் ஏற்றிக்கொண்டே இருந்தார். கூட்டணி அவர்களையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அது வெறும் இனப்பகைதான்.

ரங்கூன்_பேத்தி

ரொம்ப நாளா படிக்க மட்டும்தான் செஞ்சேன், இன்னைக்கு எழுதணும்னு தோணுது.

எங்க ஆச்சி 1964-ல கப்பல்ல வந்தவங்க. நே வின் ஆட்சி கடை கண்ணியெல்லாம் அரசுடைமை ஆக்கினப்போ கையில இருந்ததை விட்டுட்டு வந்த ஆயிரக்கணக்கான குடும்பத்துல நாங்களும் ஒண்ணு. ஆச்சியோட தங்கச்சி வரல, அங்கேயே தங்கிட்டாங்க. அவங்க மக, எனக்குச் சித்தி முறை, இன்னைக்கும் யாங்கோன்லதான்.

2021 பிப்ரவரி 2-லேருந்து ராத்திரி 8 மணி ஆனா ஊரே தட்டு தட்டுச்சு. கெட்ட ஆவியை விரட்ட அங்க அப்படித் தட்டுறது பழக்கம். சித்தி எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துட்டு பால்கனிக்கு வருவாங்க. ஃபோன்ல எனக்குக் கேக்கும். இட்லி ஊத்துற தட்டுக்கும் தாம்பாளத்துக்கும் சத்தம் வேற வேறன்னு சிரிச்சாங்க. அந்த ஒரு வாரம்தான் சிரிப்பு.

4-ஆம் தேதி ஃபேஸ்புக்கை நிறுத்தினாங்க, அடுத்த நாள் ட்விட்டர். பாதி மாசத்துக்கு அப்புறம் ராத்திரி 1 மணிலேருந்து காலை 9 மணி வரைக்கும் இன்டர்நெட்டே கிடையாது. அந்த நேரத்துலதான் வீட்டுக்குள்ள புகுந்து ஆளைப் பிடிச்சாங்க. விடியற வரைக்கும் முழிச்சிருப்பேன், 9 மணிக்கு "இருக்கோம்"னு ஒரு வார்த்தை வரும்.

மார்ச் 3-ல மாண்டலேல ச்சல் சின்னு 19 வயசுப் பொண்ணைச் சுட்டுட்டாங்க. "எல்லாம் சரியாயிடும்"னு எழுதின டீ-ஷர்ட் போட்டிருந்தது. அந்தப் படத்தைத் தைவான்காரங்க, தாய்க்காரங்க, கொரியாக்காரங்க எல்லாரும் பகிர்ந்தாங்க. சித்திக்கு அது பெரிசா இருந்துச்சு. "நம்மள உலகம் பாக்குது"ன்னாங்க. 1988 ஜனநாயகப் போராட்டத்தப்போ அவங்க சின்னப் பொண்ணு. அப்போ தெருவுல செத்தவங்களை யாருமே பாக்கலன்னு ஆச்சியும் சொல்லுவாங்க.

செங்கல்சூளை அண்ணா, பணமும் அங்க போய்ச் சேர்ந்துச்சு. வேலைநிறுத்தம் செஞ்ச டாக்டர், வாத்தியார், ரயில்வே ஊழியர்களுக்குச் சம்பளம் இல்ல, குவாட்டர்ஸ்லேருந்து விரட்டினாங்க. வெளிநாட்டுல இருக்கவங்க ஆன்லைன்லயே திரட்டி அனுப்பினாங்க. 2021 நவம்பர்ல, ராணுவத்துக்கு எதிரா அமைஞ்ச மாற்று அரசு வட்டியே இல்லாத பத்திரம் வித்தப்போ முதல் நாளே 60 லட்சம் டாலருக்கு மேல வாங்கினாங்க. திரும்பி வருமான்னு யாருக்கும் உத்தரவாதம் கிடையாது, தெரிஞ்சேதான் வாங்கினாங்க.

ஆனா பயமும் அதே ஃபோன்லதான் இருக்கு. தெருவுல சிப்பாய் நிறுத்தி ஃபோனைக் கேப்பான். கேலரி பாப்பான், விபிஎன் இருக்கான்னு பாப்பான். சித்தி வெளிய போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போவாங்க, என் கூடப் பேசினதும் சேர்த்து. நான் இங்க போடற ஒரு பதிவுக்கு எனக்கு ஒண்ணும் ஆகாது. அதே பதிவை அவங்க லைக் பண்ணா ஜெயில்.

நம்ம ஆளுங்க பத்தியும் ஒண்ணு. 2022 ஜூலை 5-ல மணிப்பூர் மோரேலேருந்து எல்லை தாண்டி பர்மாவோட தமு ஊருக்குப் போன ரெண்டு தமிழ்ப் பசங்களைச் சுட்டுக் கொன்னாங்க. ஒரு நாள் செய்தி, அப்புறம் ஊரே மறந்துடுச்சு.

செங்கல்சூளை

தங்கச்சி, காலை 9 மணின்னு எழுதினீங்களே, அதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். பணம் போன விஷயம் எனக்குத் தெரியாது. அந்த இடத்துல நான் சொன்னது தப்பு.

ஆனா நீங்க கடைசியா சொன்னதுதான் என் பயமும். ஹாங்காங் போராட்டக்காரர் ஜோஷுவா வோங்குக்கு ஏற்கெனவே 4 வருஷம் 8 மாசம் ஜெயில் தண்டனை. 2025 ஜூன்ல தேசியப் பாதுகாப்புச் சட்டத்துல புதுசா ஒரு வழக்கு போட்டாங்க, 'வெளிநாட்டோட சதி'. வெளியிலேருந்து நீட்டுற கையே அந்தச் சட்டத்துக்குச் சாட்சியமாகுது. நாம ஆதரவுன்னு நினைக்கிறதை அங்க ஒருத்தன் கோப்புல போட்டு வெச்சுக்கறான்.

பனங்கூடல்

நான் சொல்ல வாறது கொஞ்சம் வேற. ஆருக்காக ஆர் அழுகினம் எண்டதுதான் எனக்கு இதில பெரிய கேள்வி.

2022-ல காலிமுகத்திடல்ல போராட்டம் நடக்கேக்க நான் கொழும்பில. ஏப்ரல் 9-ல துவங்கினது, ஜூலையில ஜனாதிபதி மாளிகைக்குள்ள சனம் போனதை உலகமே பாத்தது. எங்கட ஆக்கள் கனபேர் தள்ளித்தான் நிண்டவை. 2009-ல எங்கட பிள்ளைகள் செத்தபோது கொழும்பில வெடி கொளுத்தினவை, இப்ப பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில நிக்கேக்க எங்களை ஏன் கூப்பிடினம் எண்டு. அந்தக் கோபம் நியாயமானது, இப்பவும் சொல்லுவன்.

மே 18 அண்டைக்குப் போய்ப் பாத்தன். அதே திடல்ல முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. கஞ்சி காய்ச்சிக் குடுத்தவை, உப்பும் அரிசியும் மட்டும். ஒரு சிங்களப் பெடியன் கிண்ணத்தைக் கையில வாங்கிக்கொண்டு "இது ஏன் இவ்வளவு தண்ணியா இருக்கு?" எண்டு பக்கத்தில நிண்ட அம்மாவைக் கேட்டான். அவ சொன்னா, அப்ப எங்களுக்கு இருந்தது இவ்வளவுதான் எண்டு. அவன் பேசாமல் குடிச்சு முடிச்சிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வச்சான். அந்தத் திடலில எனக்கு நினைவில நிக்கிறது அதுதான், மாளிகை நீச்சல் தடாகம் இல்லை.

பர்மாவிலயும் இதுதானே நடந்தது. 2017-ல ரோகிங்யா சனம் 7 லட்சத்துக்கு மேல வங்காளதேசத்துக்கு ஓடினபோது பர்மியர் கனபேர் இராணுவத்தின்ர பக்கம். 2021-ல அதே இராணுவம் தங்கட வாசலுக்கு வந்தபிறகு, பேஸ்புக்கில மன்னிப்புக் கேட்டு எழுதினவை. ஜூன் 13 அண்டைக்குக் கறுப்பு உடுப்புப் போட்டு ரோகிங்யாக்களுக்காகப் படம் போட்டவை. பிந்தித்தான் வந்தது. எண்டாலும் ஹொங்கொங்குக்கு ஆதரவு குடுக்கிறது லேசு, பக்கத்து வீட்டானுக்குக் குடுக்கிறதுதான் கஷ்டம். ரங்கூன் தங்கச்சி, உங்கட சித்தியின்ர தெருவில இதைப்பற்றிக் கதைக்கிறவையோ?

ரங்கூன்_பேத்தி

கதைச்சாங்க அண்ணா. சித்தி வெளிப்படையா ஒத்துக்கிட்டாங்க. 2017-ல அவங்களும் டிவி சொன்னதைத்தான் நம்பினாங்களாம். "நம்மளயும் 'கலா'ன்னுதான் கூப்பிடுவாங்க, அவங்களையும் அதே வார்த்தையிலதான். அப்பவே புரிஞ்சிருக்கணும்"னு அழுதாங்க. அங்க இந்திய வம்சத்தவங்களை இழிவா சொல்ற வார்த்தை அது.

ஈப்போ_வெள்ளைக்காப்பி

மலேசியாவிலிருந்து வணக்கம். எங்கள் ஊர் பால் டீயான தே தாரிக்கை இந்தக் கூட்டணியில் சேர்க்க மறந்துவிடாதீர்கள், அதை ஆற்றி ஆற்றிப் பெயர் வாங்கித் தந்ததே நம் தமிழ் முஸ்லிம் மாமாக் கடைகள்தான்.

ஹேஷ்டேக் பழசாகிவிட்டது, உண்மை. ஆனால் பழக்கம் நிற்கவில்லை. 2025 ஆகஸ்ட் 28 இரவு ஜகார்த்தாவில் ஆர்ப்பாட்டத்தின்போது போலீஸ் கவச வண்டி ஏறி அஃபான் குர்னியாவான் என்கிற 21 வயது டெலிவரிப் பையன் இறந்தான். அடுத்த சில நாளில் தென்கிழக்காசியப் பிள்ளைகள் ஒன்று செய்தார்கள். உணவு ஆப்பில் இடத்தை ஜகார்த்தாவுக்கு மாற்றிக்கொண்டு, அங்குள்ள கடையில் சாப்பாடு ஆர்டர் செய்து, ஓட்டுநரையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மலேசியா, தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் என்று எங்கிருந்தெல்லாமோ.

நானும் செய்தேன். கோழிச்சோறு இரண்டு, குடிதண்ணீர் பாட்டில் நான்கு. குறிப்புப் பகுதியில் மலாயில் எழுதினேன்: "அண்ணே, இதை எங்கும் கொண்டுபோக வேண்டாம். நீங்களும் உங்கள் நண்பரும் பசியாறுங்கள். பத்திரமாக இருங்கள்." அவர்களுக்கும் நமக்கும் மொழி ஏறக்குறைய ஒன்றுதானே. பத்து நிமிடம் பதில் இல்லை. பிறகு ஒரு படம் வந்தது. நடைபாதையில் பச்சைச் சட்டையோடு மூன்று பேர், நடுவில் பிரித்துவைத்த பொட்டலம். "மலேசியா அண்ணனுக்கு நன்றி, மூன்று பேராகிவிட்டோம், போதும்" என்று எழுதியிருந்தார். செலவு முப்பது வெள்ளிகூட (ரிங்கிட்) ஆகவில்லை.

செங்கல்சூளை சார், இது அரசாங்கத்தை அசைக்காது. ஆனால் அந்த மூன்று பேரும் அன்று இரவு பசியோடு வீட்டுக்குப் போகவில்லை.

மூங்கில்காடு

அதே இந்தோனேசியத் தெருவில் பறந்த, 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானியக் கார்ட்டூனின் வைக்கோல் தொப்பி மண்டையோட்டுக் கொடி செப்டம்பரில் காத்மாண்டுவிலும் மணிலாவிலும் பறந்தது. நேபாளத்தில் 26 சமூக ஊடகத் தளங்களைத் தடை செய்தார்கள், செப்டம்பர் 8-ல் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், அன்றே 19 பேர் இறந்தார்கள். அடுத்த நாள் பிரதமர் விலகினார். டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் கூடி விவாதித்து அடுத்த பிரதமருக்குப் பெயர் சொன்னார்கள், 12-ஆம் தேதி முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி பொறுப்பேற்றார். அது நல்லபடி முடியுமா என்பது வேறு பேச்சு. கொடி ஊர் விட்டு ஊர் போக இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

பனங்கூடல் சொன்ன கஞ்சிக் கிண்ணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. என் முதல் பதிவை இன்று எழுதினால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

செங்கல்சூளை

ஒரு உபயோகமான கேள்வி. உள்ள இருக்கவங்களுக்கு ஆபத்து வராம நாம பகிரணும்னா என்னதான் செய்யணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, நான் கத்துக்கறேன்.

சீலோம்_சாலை

பாங்காக்ல பிள்ளைங்க எங்களுக்குச் சொன்னது: முகத்தைக் கறுப்புப் பட்டையால முழுசா மறைக்கணும், லேசா மங்கலாக்கினா பத்தாது. பச்சை குத்தினது, செருப்பு, பை, இதெல்லாம்கூட ஆளைக் காட்டிக்கொடுக்கும். படத்தை அப்படியே அனுப்பாம ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, எடுத்த இடமும் நேரமும் கூடவே போகாது. உள்ள இருக்க உறவுக்காரங்களை டேக் பண்ணவே கூடாது. பின்னணியில கடைப் பலகை, வீட்டு நம்பர், மின்கம்பத்து எண் தெரியுதான்னு பாருங்க. சந்தேகமா இருந்தா போடாதீங்க.

ரங்கூன்_பேத்தி

அண்ணா, இதைப் படிச்சுட்டு நேத்து ராத்திரி என்னோட 2021 பதிவுகளை ஒவ்வொண்ணா திரும்பிப் பாத்தேன். தாம்பாளத்தோட சித்தி பால்கனில நிக்கிற வீடியோ. முகம் தெரியல, இருட்டு. ஆனா எதிர்வீட்டு பால்கனி விளக்கு வெளிச்சத்துல மருந்துக்கடைப் பலகை முழுசா படிக்க முடியுது. நாலு வருஷத்துக்கு மேல அது எல்லாரும் பாக்கற மாதிரி அப்படியே கிடந்திருக்கு, முந்நூறு பேருக்கு மேல பகிர்ந்திருக்காங்க.

ஒரு தடவை சத்தத்தைக் கேட்டுட்டு அழிச்சுட்டேன். பகிர்ந்தவங்கள்ல எனக்குத் தெரிஞ்ச பன்னெண்டு பேருக்குத் தனியா மெசேஜ் போட்டு, சேமிச்சு வெச்சிருந்தா நீக்கிடுங்கன்னு கேட்டிருக்கேன். ஒம்பது பேர் நீக்கிட்டாங்க. மீதி மூணு பேருக்கு இன்னைக்கு மறுபடி எழுதணும்.